அறுபத்து மூன்று மூட்டைகள்

எனக்குக் கணினி மேல் நம்பிக்கை கிடையாது. அதை வைத்து எங்களிடம் அதிகாரம் காட்டுகிறவர்கள் மேல் அதைவிடக் குறைவு.

எங்கள் ஊரில் அறுபத்து மூன்று வீடுகள். கோடையில் ஆடு, குதிரை எல்லாம் மேலே கஷ்கா மேய்ச்சல் நிலத்துக்குப் போகும். தங்கம் தோண்டும் கம்பெனி ஒன்று அந்த நிலம் காலியாகக் கிடக்கிறது என்று நாரின் நகரக் கோர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் எங்கள் வாக்குமூலங்கள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் நிலம் அவர்களுக்கு. வீட்டுக்கு ஒருவராகப் பேசினோம். கிராம அலுவலகக் குமாஸ்தா ஜானில் என்பவள் எல்லார் குரலையும் கணினியில் பதிவு செய்தாள். அந்த அலுவலகத்தில் கரி அடுப்பு எரிப்பவன் நான்.

ஊர்த் தலைவர் எசெங்கெல்தி எல்லாக் குரலையும் ஒரே மூட்டையாகக் கட்டச் சொன்னார். கோர்ட்டிலிருந்து வந்த கடிதத்தில் ஊருக்கு ஒரு கோப்பு என்று இருந்ததாம். ஜானில் இரண்டு நாள் அனுப்பினாள். மலைக்காற்று அடித்தால் எங்கள் ஊர் செல்போன் கோபுரம் செத்துவிடும். முக்கால்வாசி போன பிறகு அறுந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். ஒருமுறை எப்படியோ போய்ச் சேர்ந்தது. மூட்டையில் எங்கோ ஒரு துளி கெட்டிருந்ததால் திறக்கவில்லை. அறுபத்து மூன்று பேரும் ஊமையானோம்.

வெள்ளிக்கிழமை காலை ஜானில் சொன்னாள்:

"ஒரு குட்டி நிரல் இருக்கு. படமும் கிடையாது, பொத்தானும் கிடையாது. கறுப்புத் திரையில ஒரு வரி அடிச்சாப் போதும். ஒவ்வொரு கோப்பையும் சுருக்கித் தனித்தனி மூட்டையாக் கட்டிடும். போனது போனதுதான், ஒண்ணு அறுந்தா அதை மட்டும் திரும்ப அனுப்பலாம்."

தலைவர் காய்ந்த தயிர் உருண்டையை வாயில் ஒதுக்கிக்கொண்டார். "கடிதத்துல என்ன போட்டிருக்கு? ஒரு கோப்பு. நீ என்ன, கடிதத்துக்கு மேலயா?"

கரி மண்வெட்டியோடு உள்ளே போனேன். "தலைவரே, வெள்ளம் வந்த ஆத்துல மந்தையை எப்படி இறக்குவீங்க?"

"அக்சகால், நீங்க அடுப்பைப் பாருங்க." ஊரில் வயதான பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அடுப்பு எரியுது. நீங்க பதில் சொல்லுங்க."

பதில் ஊருக்கே தெரியும். ஒவ்வொரு வீட்டு ஆடும் தனியாகத்தான் இறங்கும். எல்லா மந்தையையும் சேர்த்து இறக்கிவிட்டு முன்னால் போகிற ஆடு வழுக்கினால், பின்னால் வருவதெல்லாம் அதன் மேலேயே விழுந்து சாகும். தலைவரின் அப்பாவே ஒருமுறை அவசரப்பட்டு அப்படி இறக்கி, நாற்பது ஆட்டைத் தொலைத்தவர்.

"ஏம்மா, அந்த வரியை அடி," என்றேன்.

"வேலை போயிடும் அக்சகால்."

"நான் கழுத்துல மண்வெட்டியை வச்சு மிரட்டினேன்னு எழுதிக்கோ."

"எழுதிடுவேன், தமாஷ்னு நினைக்காதீங்க," என்று சொல்லிக்கொண்டே அடித்தாள். திரையில் பெயர் பெயராக ஓடியது. கண் மூடித் திறப்பதற்குள் அறுபத்து மூன்று மூட்டைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு வீட்டின் பெயர்.

"உங்களுதை முதல்ல அனுப்பவா? வயசுல மூத்தவர் நீங்கதானே."

"விருந்து கொடுக்கிறவன் கடைசியிலதான் சாப்பிடணும். என்னுதைக் கடைசியில போடு."

ஒவ்வொன்றாகப் போயின. நடுவில் காற்று வந்தது. கோபுரம் நான்கு தடவை செத்துப் பிழைத்தது. ஜானில் அறுந்ததை மட்டும் மறுபடி தள்ளினாள். பன்னிரண்டுக்குக் கால்மணி இருக்கும்போது கோபுரம் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. ஐம்பத்தெட்டு போயிருந்தன. நின்றுபோன ஐந்தில் என்னுடையதும் ஒன்று.

தலைவர் சிரித்தார். "ஊருக்கெல்லாம் நியாயம் பேசினீங்க, உங்க குரலே போகலையே!"

மேஜையில் இருந்த பழைய கம்பித் தொலைபேசி அடித்தது. கோர்ட்டுக் குமாஸ்தா. நான்தான் எடுத்தேன்.

"யாரு இப்படித் துண்டு துண்டா அனுப்பச் சொன்னது? ஒரு கோப்புன்னுதானே கேட்டோம்?"

"நான்தான். ஓர்மோன்னு பேர் எழுதிக்கோங்க. திறக்குதா?"

அந்தப் பக்கம் எதையோ தட்டும் சத்தம். பிறகு எங்கள் ஊர் லாடக்காரன் காலிக்கின் குரல் கரகரவென்று கேட்டது. மேய்ச்சல் நிலத்து ஊற்றுகளைப் பெயர் சொல்லி எண்ணிக்கொண்டிருந்தான்.

"திறக்குது," என்றார் குமாஸ்தா. "ஐம்பத்தெட்டையும் பதிவு பண்ணியாச்சு. மிச்சம் அஞ்சு வரலைன்னு குறிச்சுக்கிறேன்."

"அஞ்சு பேரும் திங்கட்கிழமை விசாரணைக்கு நேர்ல வர்றோம்னு குறிங்க. வாசல்ல நிறுத்தினா வாசல்லயே நின்னு பேசுவோம்."

தொலைபேசியை வைத்தேன். தலைவர் தயிர் உருண்டையை வாயின் மறுபக்கம் ஒதுக்கினார்.

"நேர்ல போய்ப் பேச உங்களுக்கு யாரு அனுமதி கொடுத்தா?"

"இனிமே அடுப்பை நீங்களே பாருங்க," என்று மண்வெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு, மற்ற நான்கு வீட்டுக்கும் சேதி சொல்லக் கிளம்பினேன்.