சந்தனமாரிக்கு வந்த சம்மன்

சித்ரலேகாவுக்குப் பிடிவாதம் கூடுதல்தான், அதை யாரும் மறுக்க முடியாது. பெண் பார்க்க வந்தவர்கள், "கிரிமினல் கேஸ் வேண்டாம், சிவில் பார்க்கட்டும்" என்றார்கள். அந்தச் சம்பந்தமே வேண்டாமென்று தட்டிவிட்டுப் பரீட்சை எழுதி அரசு வக்கீலானவள் அவள். திருநெல்வேலி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் எட்டு வருஷம் திருட்டும் அடிதடியும் நடத்திய பிறகு, தொண்ணூற்றேழில்தான் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் பட்டியலில் அவள் பெயர் ஏறியது. அங்கேதான் வரும் கொலை வழக்குகளை நடத்த வேண்டும் என்பது சட்டக் கல்லூரி நாளிலிருந்தே அவளுக்கு ஆசை.

அந்த நேரம் பார்த்தா சீவலப்பேரி வழக்கு வரவேண்டும்? பம்புசெட் தொட்டியில் தண்ணீர் மோந்தாள் என்று, வயல் வேலைக்காரி சந்தனமாரியின் கையை மண்வெட்டிக் கைப்பிடியால் அடித்து ஒடித்துவிட்டான் நிலக்காரர் மகன். பார்த்ததாகப் போலீஸில் சொன்னவர்கள் ஐந்து பேர். கூண்டில் ஏறியதும் ஐந்து பேரும் பல்டி. ஒருத்தன் அன்றைக்கு உடன்குடியில் இருந்தானாம், இன்னொருத்தன் மணிமுத்தாறில். அப்படியானால் அன்றைக்கு அந்த வயலில் நாற்று நட்டது யார், பேயா? முதல் சாட்சியாக ஏற வேண்டிய சந்தனமாரிக்கோ சம்மன் போய்ச் சேரவே இல்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் குமரகுருபரன். சித்ரலேகா ஜூனியராக இருந்ததே அவரிடம்தான். வராந்தாவில் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, சாட்சியெல்லாம் போயாச்சு. அந்தப் பொம்பளை தேவையில்லைன்னு ஒரு வரி மெமோ எழுதிக் குடுத்துரு. எல்லா கவர்மென்ட் வக்கீலும் செய்யுததுதான."

"எழுதாட்டி?"

"பட்டியல் இன்னும் மெட்ராஸ்லதான் இருக்கு. அங்கன நமக்கு ஆளு உண்டு. பைய யோசி."

ஆசை லேசில் விடுமா? சாயங்காலம் வரை அவளுக்குக் கை அரித்தது. ஒரே வரி, எழுதினால் சந்தனமாரிக்காக ஏனென்று கேட்க நாதியில்லை. நாதியில்லை என்பதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. மறுநாள் காலையில் சம்மனும் கையுமாக ஒரு கான்ஸ்டபிளைக் கூட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறிவிட்டாள்.

சந்தனமாரி வரப்பில் நின்றே சம்மனில் கைநாட்டு வைத்தாள். "நான் ஒருத்தி சொன்னா எடுபடுமாம்மா?" என்றாள்.

"அஞ்சு பேரு போனா போகட்டும். ஒடிஞ்சது உன் கை. நீ சொல்லு, நான் நிக்கேன்."

வந்தாள், சொன்னாள். குமரகுருபரன் ஒன்றரை மணி நேரம் குடைந்து பார்த்தார், அவர் தொண்டை வறண்டதுதான் மிச்சம். எலும்பு டாக்டரும் எக்ஸ்ரேயோடு வந்து சொல்லிவிட்டுப் போனார். ஒருத்தி சாட்சியே போதும் என்று எழுதி, நிலக்காரர் மகனுக்கு ஒரு வருஷம் கொடுத்தார் மாஜிஸ்திரேட்.

அடுத்த மாதம் பட்டியல் வந்தது. அவள் பெயர் இல்லை. சித்ரலேகா அழவில்லை என்று சொன்னால் பொய். கதவைச் சாத்திக்கொண்டு நன்றாகவே அழுதாள். திங்கட்கிழமை முகம் கழுவிக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"சொன்னேன், கேட்டியா? இனி ரிட்டயராகுத வரைக்கும் உனக்கு இந்தக் கோர்ட்டுதான்" என்றார் குமரகுருபரன்.

"ஆமா அண்ணாச்சி. உங்க கட்சிக்காரங்க வழக்கு இங்கன எத்தனை நிக்குதுன்னு தெரியுமா?"

அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

"பதினாலு. அத்தனைக்கும் இனி நான்தான். என் தரப்புச் சாட்சி மட்டும் நாப்பத்தோரு பேரு. இன்னைக்கு முதல் ஆளு வந்திருக்காரு, உள்ள வாங்க."