குறை இருந்தால் அழைக்கவும்

அந்தச் செருப்புக் கடைக்கு இரண்டு முதலாளிகள். அண்ணன் பெரியவர், தம்பி சின்னவர். பெரியவர் பேரம் பேசவே பிறந்தவர். பல் பிடுங்கப் போன இடத்தில்கூட, "ரெண்டா எடுத்தா எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்டவர். சின்னவர் வேறு ரகம். செருப்பைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருபவரைச் சிரிக்கவைத்து, இன்னொரு ஜோடியையும் கட்டிக்கொடுத்து அனுப்புவார். கடைக்கு வரும் புகாரெல்லாம் அவர் மேஜைத் தொலைபேசிக்குத்தான் போகும்.

கொஞ்ச காலமாகச் சின்னவரிடம் அந்தச் சிரிப்பைக் காணோம். தட்டில் வைத்தது தட்டிலேயே இருந்தது. கேட்டால் "ஒண்ணுமில்ல". ஒருநாள் மட்டும், "காலைல எதுக்கு எந்திரிக்கணும்னே தெரியல அண்ணி" என்றார். பெரியவரின் மனைவி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனார். மனம் உடைந்தவர்கள் எந்நேரமும் கூப்பிட்டுப் பேசலாம் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த உதவி எண்ணைக் குறித்துவந்து கொடுத்தார். சின்னவர் அதைச் சட்டைப்பையில் போட்டார். சட்டை சலவைக்குப் போனது.

"அதெல்லாம் நெஜமாவே கஷ்டப்படுறவங்களுக்கு அண்ணி. எனக்கென்ன பைத்தியமா?"

அண்ணி விடுகிற ஆளில்லை. "நம்ம கடைப் பையில அந்த நம்பரப் போடுங்க" என்று கணவரைப் பிடித்துக்கொண்டார். "ஊருக்கும் தெரியட்டும். நாள் பூரா பையும் கையுமா நிக்கிறாரே தம்பி, அவர் கண்ணுலயும் படட்டும்."

பெரியவர் அச்சகத்துக்குப் போனார்.

"ஆறு வரி ஆகுது முதலாளி. கூடுதல் வரிக்குத் தனி ரேட்டு" என்றார் அச்சகக்காரர்.

"நான் என்ன நேத்து வந்த ஆளா? பழைய நாலு வரி ரேட்டுக்கே முடி."

"அந்த ரேட்டுக்கு நாலு வரிதான் வரும்."

"நாலுல அடக்கு. அது உன் சாமர்த்தியம்."

அச்சகக்காரர் சாமர்த்தியத்தைக் காட்டினார். கடைப் பெயரும் விலாசமும் தப்பின. மீதி நாலு வரியில் கூப்பிடச் சொல்லும் வரி இரண்டு, எண் இரண்டு. எதற்கு எல்லாம் இரண்டிரண்டாக? 'மனசு கனமா இருக்கா? பேசுங்க' என்ற வரியை வெட்டினார், கடை எண்ணையும் வெட்டினார். மிஞ்சியது 'குறை இருந்தால் அழைக்கவும்', அதற்குக் கீழே உதவி எண். பேரத்தில் ஜெயித்த மயக்கத்தில் பெரியவர் பையைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

அதன்பிறகு சின்னவரின் தொலைபேசி அடிக்கவே இல்லை. "நம்ம சரக்கு அவ்வளவு சுத்தம்" என்று பெரியவர் மீசையைத் தடவிக்கொண்டார், ஒரு வாடிக்கையாளர் அம்மா முகமெல்லாம் மலர்ந்து கடைக்குள் நுழையும்வரை.

"உங்க புகார் ஆபீஸ்ல இருக்கிற பொண்ணு தங்கம்ங்க! கடிக்குதும்மான்னுதான் சொன்னேன். எங்க வலிக்குது, எப்பலேருந்துன்னு அவ்வளவு பதமா கேட்டுச்சு. செருப்ப விட்டுட்டேன். மருமக பேசாம இருக்கிற கதைய ஆரம்பிச்சு ஓன்னு அழுதுட்டேன். இப்ப மனசு பஞ்சா இருக்கு."

"செருப்பு?"

"அது இன்னும் கடிக்குது."

பெரியவர் பையைப் பிரித்துப் படித்தார். தம்பியைக் கூப்பிட்டார்.

"டேய், புகார் பாக்குறவன் நீதானே? அந்த உதவி நம்பர்ல இருக்கிறவங்களக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, நம்ம நம்பரக் குடுத்துடு."

வியாபார விஷயம் என்பதால் சின்னவர் மறுக்கவில்லை. கூப்பிட்டார். "செருப்புக் கடையிலேருந்து பேசறேங்க. பையில தப்பா அச்சாயிடுச்சு…"

மறுமுனையில் ஒரு பெண்ணின் சிரிப்பு. "ஓ, அந்தக் கடையா! கூப்பிட்டுப் பேசினவங்கள்ல சிலருக்கு நெஜமாவே பேச வேண்டியிருந்துச்சு, பரவால்ல. ஆனா செருப்புக்காக லைன் அடைபட்டா, அவசரத்துல இருக்கிறவங்க காத்திருக்கணும். அதான் யோசனை."

"மாத்திடறோம் மேடம்."

"நல்லது. நீங்க எப்படி இருக்கீங்க?"

இத்தனை வருஷமாக ஊர்க் குறையெல்லாம் கேட்ட மேஜை அது. அதன் பின்னால் உட்கார்ந்திருப்பவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. 'ஒண்ணுமில்ல' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"எனக்கும் ஒண்ணு கடிக்குதுங்க" என்றார். "செருப்பில்ல."

"சொல்லுங்க. எப்பலேருந்து?"

சின்னவர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பெரியவர் கல்லாவிலிருந்து பார்த்தார். தம்பியின் தோள் குலுங்கியது. எழுந்து போகலாமா என்று கால் பரபரத்தது, போகவில்லை. அந்த நேரம் பார்த்து ஒருவர் பூட்ஸைத் தூக்கிக் காட்டி, உரத்த குரலில் பாதி விலைக்குக் கேட்டார். பெரியவர் உதட்டில் விரலை வைத்து, சரி சரி என்று தலையை ஆட்டினார். வந்தவர் சந்தேகப்பட்டுப் பூட்ஸைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

சின்னவர் அதன்பிறகும் அந்த எண்ணில் பேசினார். அவர்கள் சொன்ன டாக்டரிடமும் போனார். அண்ணி துணைக்குப் போனார். தட்டு காலியாகத் தொடங்கியது. சிரிப்பு மட்டும் இன்னும் பாக்கி.

புதுப் பைக்காக அண்ணனும் தம்பியும் அச்சகத்துக்குப் போனார்கள்.

"ஆறு வரியும் போடு. அந்த நம்பரப் பெருசா போடு. கேட்டதக் குடுக்கறேன்" என்றார் பெரியவர்.

அச்சகக்காரர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "பேரமே இல்லையா? முதலாளி… மனசுக்கு ஏதாவது கஷ்டமா? அந்த நம்பருக்கு நீங்களே ஒரு தடவ பேசிப் பாத்தா என்ன?"

பின்னாலிருந்து குபீரென்று ஒரு சிரிப்பு கிளம்பியது. பழைய சிரிப்பு, கடையே அதிரும் அந்தச் சிரிப்பு. பெரியவர் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைப்பதைத் தம்பி பார்த்துவிடக் கூடாதே.

"இன்னொரு வரி வேணும்னாலும் சேத்துக்கப்பா" என்றார்.