மாதேஸ்வரியின் தூக்கமும் எங்கள் வீட்டு டிரையரும்

மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறவரைக் கட்டிக்கொண்டால் வீட்டில் ரிப்பேர் கவலை இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரிப்பேர் நடக்கும், சாமான்தான் சரியாகாது. வெளியாளையும் கூப்பிட விடமாட்டார்கள். "அப்போ நான் எதுக்கு இருக்கறன்?" என்று ஒரு கேள்வி வரும். அதற்கு உண்மையான பதிலைச் சொன்னால் அன்றைக்கு வீட்டில் சோறு மிஞ்சும்.

என் வீட்டுக்காரர் பிரேம்குமார் ஓசூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் இருக்கிறார். இரும்புத் தகட்டை அடித்து வண்டிப் பாகங்கள் செய்யும் மெஷின்கள் எல்லாம் அவர் பொறுப்பு. எந்த மெஷினில் சத்தம் கொஞ்சம் மாறினாலும் அங்கே இவரைத்தான் தேடுவார்களாம். அப்படிப்பட்டவருடைய வீட்டில் வாஷிங் மெஷின் டிரையர் கார்த்திகை மாதம் முழுக்க டகடகவென்று அடித்துக்கொண்டிருந்தது.

எங்களுடையது செமி ஆட்டோமேட்டிக். ஒரு பக்கம் துவைக்கிற தொட்டி, இன்னொரு பக்கம் துணியைச் சுற்றிப் பிழிகிற டிரையர். மூடியைத் திறந்தால் டிரையர் உடனே நிற்க வேண்டும். எங்கள் டிரையர் மூடியைத் திறந்த பிறகும் கொஞ்சம் சுற்றிவிட்டுத்தான் நிற்கும். நான் அதுவரைக்கும் காத்திருக்கிற ஆள் இல்லை. வேகம் குறைந்ததும் கையை விட்டு ஒரு சட்டையைப் பிடித்து இழுத்தால் மற்றதெல்லாம் கூடவே வந்துவிடும்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. தொரப்பள்ளி ரோட்டில் நாங்கள் இருக்கும் லைன் வீட்டுக்கு மேலே எல்லாம் பேச்சிலர் ரூம்கள். அந்தப் பையன்களின் கம்பெனி யூனிஃபார்மைத் துவைத்து அயர்ன் பண்ணிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. வீட்டு ஓனர் வெங்கடப்பன் காலையில் மோட்டாரைத் திட்டிக்கொண்டே போட்டுவிட்டுப் போன பிறகுதான் தண்ணீர் வரும். மதியத்துக்குள் டேங்க் காலி. அதற்குள் துவைத்தாக வேண்டும். வெளியே நசநசவென்று தூறல். பிழியாமல் காயப்போட்டால் கிரீஸ் வாடையோடு பூஞ்சை வாடையும் சேர்ந்துகொள்ளும். ஒருநாள் டிரையர் போடாமல் இருந்து பார்த்தேன். மறுநாள் பையன்கள் ஈரச் சட்டையோடு பஸ் ஏறினார்கள். ஒருத்தன் தும்மிக்கொண்டே போனதை இன்னும் சொல்லிக் காட்டுகிறான்.

இதுமட்டும் என்றால் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் டிரையர் ஒட்டி நிற்கிற சுவருக்கு அந்தப் பக்கம் மாதேஸ்வரி தூங்குகிறாள்.

அவளுக்கு செல்போன் கம்பெனியில் வேலை, கான்ட்ராக்ட், நைட் ஷிப்ட். குருபரப்பள்ளியில் இருக்கிற அம்மாவும் நர்சிங் படிக்கிற தங்கச்சியும் அவள் சம்பளத்தை நம்பித்தான் இருக்கிறார்கள். சானமாவுக் காட்டுப் பக்கம் ரோட்டில் யானை நிற்கிறது என்றால் கம்பெனி பஸ் இன்னும் தாமதமாக வந்து சேரும். வந்து, முகத்தைக் கழுவி, படுத்துக் கண் அசருகிற நேரம் பார்த்துத்தான் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வரும். தண்ணீர் வந்தால் துவைப்பு, துவைத்தால் டிரையர். மெஷினை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றால் பிளக்கும் தண்ணீர் போகிற ஓட்டையும் அந்தச் சுவரில்தான்.

ஆரம்பத்தில் சுவரைத் தட்டினாள். பிறகு தட்டுவதையும் நிறுத்திவிட்டாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும்போது என் வாசலில் வந்து நின்றாள். நெற்றியில் ஒரு சிராய்ப்பு.

"கம்பெனி லைன்லயே தூங்கிட்டன்க்கா. மெஷின் ஓரத்துல இடிச்சிகிச்சி. இது ரெண்டாவது தடவ. இன்னொரு தடவ தூங்குனா ஐடி கார்ட குடுத்துட்டுப் போயிடுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

"அந்த டிரையராலயா?" என்றேன், தெரியாத மாதிரி.

"உன்ன குத்தம் சொல்லலக்கா. உனக்கும் பொழப்பு இருக்குது. அண்ணன் மெயின்டனன்ஸ்தானே, கொஞ்சம் பாக்கச் சொல்லு."

அண்ணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதுதான் பிரச்சினையே.

முதலில் பழி என் மேல் விழுந்தது. "நீ துணிய ஒரே பக்கமா திணிக்கற. லோடு ஏறுமாறா இருந்தா அடிக்கத்தான் செய்யும்." நான் துணியைச் சமமாக அடுக்கி, மேலே அமுக்குத் தட்டும் வைத்தேன். சத்தம் அப்படியே இருந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரிங்கைப் பார்க்கிறேன் என்று பின்பக்க மூடியைக் கழற்றினார். செல்போன் லைட்டை நான் பிடித்தேன். "உனக்கு லைட்டு கூட பிடிக்கத் தெரியல. போய் காபி போடு" என்றார். காபியோடு வந்தபோது மூடியை மாட்டிவிட்டிருந்தார். மறுநாள் சத்தம் முன்னைவிட அதிகம். அடுத்த வாரம் மோட்டாரைத் தாங்கும் ஸ்பிரிங்குகளை மாற்றினார். அப்போதும் காபி. அதற்கப்புறம் டிரையர் போட்டால் அடுக்களையில் டம்ளர் நகர்ந்தது.

கம்பெனியில் ஏதாவது கெட்டுப்போனால் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போய்க் காரணத்தைப் பிடிப்பார்களாம். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தார். மெஷினுக்கு முன்னால் குந்திக்கொண்டு, "ஏன் சத்தம் வருது? வைப்ரேஷன். ஏன் வைப்ரேஷன்?" என்று தனக்குத்தானே பேசுவார். ஏன் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடக்கூடாது என்ற கேள்வி மட்டும் அந்த வரிசையில் வரவேயில்லை.

மாதேஸ்வரி வந்து போன பிறகு வந்த ஞாயிறன்று நான் முடிவெடுத்துவிட்டேன்.

"இன்னிக்கு நான்தான் லைட்டு பிடிப்பன். காபி கிடையாது" என்றேன்.

"சத்தம் போடாத, அந்தப் பொண்ணு தூங்குது" என்றார் சுவரைக் காட்டி. அவருக்கும் உறுத்தல் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அதனால் அன்றைக்கு நடந்த சண்டை முழுக்கக் குசுகுசுவென்றே நடந்தது. கோபத்தை அடக்கிக்கொண்டு குசுகுசுப்பதைப் போல உடம்புக்குக் கெடுதல் வேறில்லை.

மூடியைக் கழற்றினார். லைட்டை உள்ளே அடித்தேன். கீழே மோட்டார், மேலே டிரையர் தொட்டியின் வெளிக்கூடு, பக்கத்தில் இரும்புச் சட்டம். அந்தச் சட்டத்தில், தொட்டிக்கு விரல்கடை தூரத்தில், மஞ்சள் துணியில் சுற்றி ஏதோ கட்டியிருந்தது.

"அது என்னாங்க?"

"எது?"

"மஞ்சத் துணி."

"அதுவா. ஆயுத பூஜைக்கு வச்ச எலுமிச்சம்பழம்" என்றார், ஸ்குருவை எண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டே.

ஆயுத பூஜையன்று கம்பெனியில் எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்து அனுப்புவார்கள். வீட்டிலும் பைக்குக்குச் செய்தோம். வாஷிங் மெஷினுக்கும் பொட்டு வைத்தார். பின்பக்கம் என்னவோ நோண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து சந்தனம் பூசுகிறார் என்று நினைத்திருந்தேன்.

கையை நீட்டி அந்த உருண்டையைத் தொட்டேன். பழமில்லை அது. காய்ந்து, சுருங்கி, கல்லாகியிருந்தது. விரலால் அதைத் தள்ளித் தொட்டியின் மேல் தட்டிப் பார்த்தேன். டக். கொஞ்சம் வேகமாகத் தட்டினேன். டகடகடக.

ஒரு மாதமாக என் மண்டைக்குள் அடித்த அதே சத்தம்.

இருவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

"போன வாரமும் இத பாத்தீங்களா?" என்றேன்.

"பாத்தன்."

"அதுக்கு முன்னாடி?"

"நூலு லூசா இருந்துச்சி. இறுக்கிக் கட்டுனன்."

"ஒவ்வொரு தடவையும்?"

ஸ்குருவை மறுபடியும் துடைத்தார். பூஜையன்று ஈரத்தோடு மெத்தென்று இருந்த பழம் தொட்டியில் பட்டாலும் கேட்டிருக்காது. காயக் காயச் சத்தம் வந்திருக்கிறது. இவர் திறக்கிறபோதெல்லாம் பக்தியோடு இன்னும் நெருக்கிக் கட்டி, சத்தத்தைக் கூட்டிவிட்டு, என்னைக் காபி போட அனுப்பியிருக்கிறார். பேரிங்கைப் பார்த்தவர், ஸ்பிரிங்கை மாற்றியவர், கண்ணெதிரே தொங்குகிறதைப் பார்க்கவில்லை. பார்த்தார், ஆனால் அதைக் காரணமாகப் பார்க்கத் தோன்றவில்லை. சாமிக்கு வைத்தது எப்படிச் சத்தம் போடும்?

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நூலை இழுத்தேன்.

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "எடுக்காத. அடுத்த பூஜ வரைக்கும் எடுக்கக் கூடாது."

"அடுத்த பூஜைக்கு அந்தப் பொண்ணு குருபரப்பள்ளில உக்காந்திருப்பா. வேல போயிருக்கும். ஒரு காஞ்ச பழத்துக்காக."

"வேற ஏதாச்சும் பண்றன். ஸ்பான்ஜ் வச்சிப் பாக்கறன்."

"பழத்த எடுக்கறத விட்டுட்டு மத்த எல்லாத்தையும் பண்ணுவீங்க. இது என்னா செய்யுது உள்ள? எதுக்கு இருக்குது?"

"உன் கைக்கு" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"சுத்தறது நிக்கறதுக்குள்ள கைய விடற. எத்தன தடவ பாத்திருக்கறன். சொன்னா கேக்கறயா? பிரேக்கு வேற தேஞ்சிருக்குது."

இதைக் கேட்டதும் எனக்கு இன்னும் ஏறியது. "பிரேக்கு தேஞ்சிருந்தா பிரேக்க மாத்தணும். யாராச்சும் எலுமிச்சம்பழம் கட்டுவாங்களா? நீங்கதானே மெயின்டனன்ஸ்?"

அவர் கையிலிருந்த ஸ்குருவைக் கீழே வைத்தார். சுவரின் அந்தப் பக்கம் மாதேஸ்வரி இருமுவது கேட்டது. அது அடங்கியதும் சொன்னார்.

"சுடலைமுத்து மெஷின்லயும் புது பிரேக்குதான். நான் மாத்துனதுதான்."

சுடலைமுத்து திருநெல்வேலிக்காரர். இவரோடு ஒரே ஷிப்ட். போன வருஷம் பிரஸ்ஸில் வலது கை விரல்கள் போயின. ஆஸ்பத்திரிக்கு நானும் போய்ப் பார்த்தேன். விசாரணையில் பிரேக்கில் குறையில்லை, அவசரத்தில் அவரே கையை விட்டுவிட்டார் என்று முடிந்தது. இவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவரும் வீட்டில் அதைப் பற்றிப் பேசியதில்லை. அதற்கப்புறம் பைக், மிக்ஸி, கிரைண்டர் என்று எல்லாவற்றுக்கும் எலுமிச்சம்பழம் வைக்க ஆரம்பித்ததை நான்தான் கேலி செய்துகொண்டிருந்தேன்.

"பிரேக்கு பிடிக்கும்னு நான் சொல்லி, நீ நம்பி, கைய விட்டின்னா?" என்றார்.

என் கோபம் போகவில்லை. ஒரு மாதக் கோபம் ஒரு நிமிஷத்தில் போய்விடாது. ஆனால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் போய்விட்டது.

"நிக்கற வரைக்கும் கைய விடமாட்டன்" என்றேன்.

"சும்மா சொல்ற."

"பழத்த வெளிய எடுத்து எதிர்ல மாட்டுங்க. என் கண்ணுல படற எடத்துல. உள்ள இருந்தா அது டிரையருக்குத்தான் தெரியும், எனக்கெப்படித் தெரியும்?"

பிறகு அவரே நூலை அவிழ்த்தார். பழத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, டிரையருக்கு நேர் மேலே சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். மறுநாள் ஷிப்ட் முடிந்து வரும்போது பிரேக் வாங்கி வருவதாகவும் சொன்னார். நான் லைட்டை அணைத்துவிட்டுக் காபி போடப் போனேன்.

திங்கட்கிழமை காலையில் தண்ணீர் வந்தது. பையன்களின் யூனிஃபார்மைத் துவைத்து, டிரையரில் போட்டு, மூடினேன். சத்தமே இல்லை. மெல்லிய உறுமல் மட்டும். சத்தம் போன பிறகு இன்னொரு தொல்லை வந்தது. நிற்கப் போகிறதா, இன்னும் சுற்றுகிறதா என்று காதுக்குத் தெரியவில்லை. மூடியைத் திறந்தேன். துணி சுற்றிக்கொண்டேயிருந்தது. பழக்கதோஷம், கை தானாக உள்ளே போனது. எதிரே மஞ்சள் துணி. கையை இழுத்துக்கொண்டு, தொட்டி முழுசாக நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரமாகத் தோன்றியது. எரிச்சலாகத்தான் இருந்தது.

சாயங்காலம் மாதேஸ்வரி வாசலில் வந்து நின்றாள். தூங்கி எழுந்த முகம் உப்பியிருந்தது. தலைகூட வாரவில்லை.

"இன்னிக்கு நீ துணி துவைக்கலியாக்கா? உடம்பு சரியில்லையா?"

"துவைச்சன். எல்லாத்தையும் துவைச்சன். போ, பஸ்ஸு வந்துடும்."

அவள் போன பிறகு அவர் வந்தார். பைக்கை நிறுத்திவிட்டு, பிரேக் வாங்கிய பையோடு உள்ளே நுழைந்தார். டிரையர் எப்படி ஓடியது என்று கேட்பார், பெருமையடித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். அவர் டிரையர் பக்கமே திரும்பவில்லை. நேராக என் கைகளைப் பார்த்தார்.

நான் அயர்ன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் அவர் முன்னால் விரித்துக் காட்டினேன்.

"பத்தும் இருக்குது. எண்ணிக்கோங்க" என்றேன்.

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவர் ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினார்.