காரணம் சொன்ன மிஷின்

நாரணாபுரத்தில் கரண்டு போனால் யாரையாவது திட்டித் தீர்க்கலாம். நாசமாப் போறவனுக என்று ஆரம்பித்தாலே பாதிப் புழுக்கம் குறைந்துவிடும். சண்முகத்தாய்க்கு அன்று மத்தியானம் அந்த ஆறுதலும் வாய்க்கவில்லை. கரண்டு போன கையோடு செல்போனுக்குக் காரணம் வந்துவிட்டது.

கட்டிலில் சாய்ந்து கிடந்தான் அவள் புருஷன் மாரிக்கண்ணன். பட்டாசுக் கம்பெனி வெடிவிபத்தில் நுரையீரல் வெந்தவன். அவனுக்கு ஆக்சிஜன் கொடுக்கும் மிஷின் நின்றுபோய், கரண்டு இல்லை என்று அலாரமாய்க் கூவிக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டர் பாட்டரி போன வாரமே செத்துவிட்டது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தாள், வந்துகொண்டிருக்கிறது என்றார்கள்.

சப்ஸ்டேஷனில் புதிதாக வைத்திருக்கும் ஏ.ஐ. மிஷின், லைனைச் சும்மா நிறுத்தாது, ஏன் நிறுத்தினேன் என்று ஊருக்கே தமிழில் சொல்லும். ஒரு கம்பியில் மட்டும் கரண்டு குறைந்ததாம், அதே நேரம் மண்ணுக்குள் விட்டு விட்டுக் கசிந்ததாம். அதனால் கம்பி அறுந்து தரையில் கிடக்கலாமாம். எட்டாவது படித்தவளுக்கே விளங்கியது. விளங்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று வயிறு எரிந்தது.

அங்கே ஆபரேட்டராக இருக்கும் ஊர்க்காவலனைக் கூப்பிட்டாள். புருஷனுக்குச் சித்தப்பா மகன். லைன்மேன் பார்க்கப் போயிருக்கிறார் என்றவன், குரலைத் தாழ்த்தினான்.

"மதினி, அது கிடக்கலாம்னுதான் சொல்லுது. கிடக்குன்னு சொல்லல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா லைனைப் போட்டுருதேன். அண்ணன்தான் முக்கியம்."

"எங்கன அறுந்திருக்குமாம்?"

"உங்க கம்பெனிக்கு மேக்க, ஓடைப் பக்கம்."

அந்த ஓடையில்தான் அவளோடு வேலை பார்க்கும் பெண்கள் மருந்து படிந்த கைகாலைக் கழுவிவிட்டு வேன் ஏறுவார்கள். வேன் வருகிற நேரம். வெடிமருந்தில் சந்தேகம் வந்தால் போட்டது போட்டபடி வெளியே ஓடு என்பார்கள் கம்பெனியில். சீசன் ஆர்டர், ஒன்றும் ஆகாது என்று உள்ளே போனவன்தான் இதோ கிடக்கிறான்.

மாரிக்கண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். உதடு கறுத்துவிட்டது. போடச் சொல் என்று கண் கெஞ்சியது. கை அவள் சேலையைப் பிடித்து இழுத்தது. பாழாய்ப்போன அந்த சப்ஸ்டேஷன் மிஷின் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், போடுங்க என்று கத்தியிருப்பாள். தெரியாமல் செய்த பாவமாகப் போயிருக்கும்.

"போடாதீக தம்பி," என்றாள்.

அவன் கை சேலையை விட்டது. அவனை நிமிர்த்தித் தன் தோளில் சாய்த்து, அட்டையால் விசிறினாள். தெருமுனையில் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஆம்புலன்ஸோ என்று எட்டிப் பார்த்தாள். பால் வண்டி போனது. அவன் மூச்சு இழுத்து இழுத்து வந்தது, அப்புறம் இடைவெளி விட்டு வந்தது. தோளில் தலை கனத்தது. அவள் விசிறுவதை நிறுத்தவில்லை.

கரண்டு வந்தது. செல்போன் அடித்தது. ஊர்க்காவலன்தான். கம்பி கிடந்ததா இல்லையா என்று சொல்லக் கூப்பிடுகிறான். கிடந்தது என்றாலும் கிடக்கவில்லை என்றாலும் அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்ய? எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது.

மிஷின் ஓட ஆரம்பித்திருந்தது. குழாயிலிருந்து வந்த காற்று மட்டும் மாரிக்கண்ணனின் மீசை முடியை அசைத்தது. அசைகிற அந்த முடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.