நடுவில் நிறுத்திய பாட்டு

ஊசி இறங்கியது. பட்டன் சட்டையைப் பிடித்துக்கொண்டது. மெஷினை அணைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் அவள் கம்பெனியின் பிள்ளைகள் காப்பகத்துப் பக்கம் நழுவினாள். மூன்று வயதாகியும் வாய் திறக்காத மகளை அங்கேதான் விட்டிருந்தாள்.

கதவுக் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தினாள். தூக்கிய கை தூக்கியபடியே இருக்க, பிள்ளைகளை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுபடி பாடி, மறுபடி நிறுத்தினாள்.

"அந்த அக்கா பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்காடி" என்றாள், திரும்பி வந்து. பக்கத்து மெஷினில் காலர் தைப்பவள் தலையைத் தூக்கவில்லை.

"சும்மா உக்கார்ற வேலையா? எனக்கும் ஒண்ணு இருந்தா சொல்லு."

"சிரிக்காத. எம் புள்ள ஏன் பேசலன்னு இப்பத்தான் புரியுது."

சாயங்காலம் மகளை இடுப்பில் வாங்கிக்கொண்டே கேட்டுவிட்டாள். "ஏங்க்கா, பாட்ட முழுசாப் பாட மாட்டீங்களா?"

"முழுசா நானே பாடிட்டா இவ எதுக்கும்மா வாயத் தொறக்கணும்?" அக்கா குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். "தட்டு தட்டு கதவத் தட்டு, உள்ள இருக்கு குட்டிப்..." நிறுத்தினாள். குழந்தை அவள் வாயையே பார்த்தது. "பூனைன்னு இவதான் சொல்லணும். அதுக்குத்தான் காத்திருக்கேன். பாரு, உதட்டக் குவிக்கறா."

பெற்றவள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. எப்படிச் சமாளிக்கிறாள் பார் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் சூப்பர்வைசரிடம் போய் நின்றாள்.

"நீயா வந்து சொல்றது நல்லதாப் போச்சு" என்றான் அவன். அவள் இன்னும் முழுதாகச் சொல்லி முடித்திருக்கவில்லை. "அங்க ஆள் எதுக்குன்னு மேலேயும் கேட்டுட்டேதான் இருக்காங்க."

"ஆள நிறுத்தச் சொல்லல சார். ஒழுங்காப் பாடச் சொல்லுங்கன்னுதான்..."

"நான் பாத்துக்கறேன். போ, பட்டன் குவிஞ்சு கெடக்கு."

அடுத்த வாரம் அக்கா வரவில்லை. பெருக்குகிற அம்மாதான் அறை வாசலில் துடைப்பத்தோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே பாட்டு மட்டும் நிற்காமல் கேட்டது.

"அவ குரல்தான்" என்றாள் காலர் தைப்பவள், நூலைப் பல்லால் கடித்தபடி. "வேலைய விட்டு அனுப்பறதுக்கு முன்னாடி சூப்பர்வைசர் உக்கார வச்சு எல்லாப் பாட்டையும் போன்ல எடுத்துக்கிட்டானாம். நடுவுல நிறுத்துனா மறுபடி மொதல்லேருந்து பாடச் சொன்னானாம். புள்ளைங்களுக்குன்னதும் இவளும் பாடிக் குடுத்திருக்கா. பைத்தியக்காரி."

அவள் தன் மெஷின் பக்கம் திரும்பினாள். பட்டன் ஒன்று கோணலாக விழுந்தது. பிரித்து மறுபடி தைத்தாள்.

சாயங்காலம் போனபோது மகள் சுவரில் மாட்டிய ஸ்பீக்கருக்கு நேர் கீழே அண்ணாந்து நின்றிருந்தாள். தட்டு தட்டு கதவத் தட்டு என்று ஆரம்பித்தது அக்காவின் குரல். குட்டி என்று வந்ததும் குழந்தையின் உதடுகள் மெல்லக் குவிந்தன. இந்த முறை அவள் கண்ணுக்கும் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பூனை என்று குரலே சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டது.

குவிந்த உதடு சற்று நேரம் அப்படியே இருந்தது. பாட்டு முடிந்து அதே பாட்டு திரும்ப வந்தது. இம்முறை குழந்தை வாயை மூடிக்கொண்டு கேட்டது.