வலது படத்துக் கறை

பழைய படங்களைச் சீர்செய்வதில் என்னை அடிக்க ஆளில்லை. நானேதான் சொல்லிக்கொள்வேன். மூடிக்கிடந்த பஞ்சாலை ஒன்றிலிருந்து இரட்டைப்பட அட்டைகள் வந்திருந்தன. ஒரே காட்சி, கோணம் சற்றே மாறி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முறை இருக்கும். பார்வைப்பெட்டியில் வைத்துப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து, ஆட்கள் நிஜமாக நிற்பதுபோல் எழுந்து வருவார்கள். ஓர் அட்டையின் வலது படத்தில் மட்டும் ஒரு சிறுமியின் மேல் கறை. பிளேடால் சுரண்டி, இடது படத்திலிருந்து அவளை நகலெடுத்து வெட்டி ஒட்டினேன். ஒட்டே தெரியவில்லை.

பெருமையடிக்க மனைவியைக் கூப்பிட்டேன். குனிந்தவள் நிமிரவில்லை.

"ஏங்க, இவ நெத்தியப் பாருங்க."

முன்நெற்றியில் ஒரு வெள்ளை முடிக்கற்றை. என் மனைவிக்கும் மாமனாருக்கும் பிறவியிலேயே இருப்பது. மாமனாரின் அத்தை பன்னிரண்டு வயதில் இதே ஆலைக்கு வேலைக்குப் போனவள், ஒருநாள் திரும்பவில்லை. 'அன்றைக்கு அவள் வேலைக்கே வரவில்லை' என்று ஆலை கையை விரித்துவிட்டது. எவனோடோ ஓடிப்போனாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. இன்றுவரை ஓடுகாலி வம்சம் என்றுதான் பேச்சு. சண்டை முற்றினால் நானும் சொல்லியிருக்கிறேன், வெட்கங்கெட்டவன்.

"பின்னாடி தேதி போட்டிருக்கு. அவ காணாமப் போன அதே நாள்! வேலைக்கு வந்திருக்கா. அப்பா கண்ண மூடறதுக்குள்ள இதக் காட்டணும்." மறுபடி குனிந்தாள். "ஆனா எல்லாரும் தனித்தனியா எழுந்து நிக்கிறாங்க, இவ மட்டும் ஏன் தட்டையா இருக்கா?"

இரண்டு பக்கமும் அவள் ஒரே நகல் அல்லவா, அப்படித்தான் இருக்கும். மழுப்பிவிட்டு, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். இடது படத்தில் பக்கத்து இயந்திரத்துப் பெண் நூலைக் கவனித்துக்கொண்டிருந்தாள். வலது படத்தில் வாயைப் பிளந்து, இரண்டு கைகளையும் சிறுமியை நோக்கி நீட்டியிருந்தாள். கொட்டாவி என்று நினைத்திருந்தேன்.

ஒரே காமிராவை நகர்த்தி வைத்து, சற்றுப் பொறுத்து இரண்டாவது படத்தை எடுத்திருக்கிறார்கள். நான் சுரண்டிய கறை இயந்திரங்களைச் சுழற்ற மேலே ஓடும் தோல் பட்டை வரைக்கும் நீண்டிருந்தது. அதன் கீழ்முனை தரையைத் தொடவில்லை.

"அது கறை இல்ல, அசைவுல கலங்கிப்போன அவதான்," என்றேன். "அவ சடை பட்டையில மாட்டி, மேல இழுத்துட்டுப் போயிருக்கு. அவ எங்கயும் ஓடல. அதத்தான் நான் சுரண்டிட்டேன்."

அவள் அழவில்லை. மேஜையைத் தடவினாள், பிளேடைப் புரட்டினாள், தரையில் உட்கார்ந்து தேடினாள்.

"சுரண்டுன தூள் எங்க?"

"ஊதிட்டேன்," என்றேன்.