சீனி இல்லாத வீடு

என் அண்ணை பஸ்தியாம்பிள்ளைக்கு ஒரு பழக்கம். லண்டனுக்கு வந்து எத்தனை வருடமானாலும், ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் முதல் கேள்வி "எந்த ஊர்?" அடுத்தது "ஆரின்ரை பிள்ளை?" ஈஸ்ட் ஹாமில் மீன் வாங்கப் போனாலும் இதேதான். மீன் வெட்டுகிற பெடியன் பதில் சொல்லி முடிக்க மீன் நாறிப்போகும்.

எண்பத்தெட்டாம் ஆண்டு அவருடைய மகள் றோஸ்மலர், தன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற லயனல் பெரெய்ராவைக் கட்டப்போவதாகச் சொன்னாள்.

"பெரெய்ராவோ? சிங்களவனோ?"

"இல்லை அப்பா. அவர் திரினிடாட். அவரின்ரை ஆக்கள் அந்தக் காலத்திலை போர்த்துக்கல்லின்ரை மடெய்ரா தீவிலை இருந்து அங்கை போனவை. எங்களைப்போலை கத்தோலிக்க வேதக்காரர்தான்."

"வேதம் சரி. ஆக்கள் ஆர்?"

அந்தக் கேள்வியில் கல்யாணம் நின்றது. ஆக்கள் ஆரென்று, என்ன குடி, என்ன குலமென்று தெரியாமல் பெட்டையைக் குடுக்க ஏலாது என்றார் அண்ணை. அப்பாவின் சம்மதம் இல்லாமல் பீடத்தடிக்குப் போகமாட்டேன் என்றாள் மகள். தாயில்லாப் பிள்ளை, தகப்பனின் தங்கச்சி நான்தான் தூக்கி வளர்த்தேன். வீங்கிய கண்ணோடு அவள் வேலைக்குப் போய்வந்தாள்.

லயனல் பாவம். லீவு கிடைத்த நாட்களில் கியூ என்ற இடத்திலுள்ள அரசாங்க ஆவணக் காப்பகத்துக்குப் போய்த் தேடினார். மடெய்ராவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிய கப்பல்கள் இருந்தன. எத்தனை தலை இறங்கியது என்பதும் இருந்தது. பேர் மட்டும் இல்லை. கரும்புத் தோட்டம் என்றதும் அண்ணைக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப முதலாளிமார்! வெள்ளைக்காரர் கரும்பு வெட்டுவினமே?"

நான் அவரைத் திருத்தப் போகவில்லை. எப்படியாவது காரியம் ஆனால் சரி என்று இருந்தேன்.

மிச்சத்தைக் கேட்க ஒரே ஆள்தான் இருந்தார். லயனலின் தகப்பனுக்குத் தமக்கை, லயனலைத் தாயாக நின்று வளர்த்த டொலறஸ். வால்தம்ஸ்டோவில் கவுன்சில் பிளாட்டில் இருந்தார். பழைய கதை கேட்டால் மாமி எழுந்து உள்ளே போய்விடுவார் என்று லயனல் முதலே சொல்லியிருந்தார். இருந்தாலும் ஒக்டோபரில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து அண்ணை, றோஸ்மலர், நான் மூவரும் போனோம். லயனல் அங்கே எங்களுக்காகக் காத்திருந்தார்.

நான் பயற்றம் பணியாரம் சுட்டுக் கொண்டுபோனேன். டொலறஸ் பெட்டியைத் திறந்து பார்த்து, "இதில் சீனி இருக்கிறதா?" என்று கேட்டார். நிறைய இருக்கிறது என்று நான் பெருமையாகச் சொன்னேன். அந்த மனுசி பெட்டியைக் கொண்டுபோய்க் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார்! அண்ணையின் மூக்கு சிவந்தது. பிறகு தேத்தண்ணி வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு அண்ணை சீனி கேட்டார்.

"இந்த வீட்டில் சீனி இல்லை," என்றார் டொலறஸ்.

நல்ல காரியம் பேசப் போன வீட்டில் வாயில் இனிப்புப் பட வேண்டும். அது எங்கள் சனத்தின் சட்டம். கொண்டுபோன இனிப்பு வாசலுக்கு வெளியே, குடிக்கத் தந்தது கசப்பு. இதைவிட ஒரு தகப்பனை எப்படி அவமானப்படுத்துவது? அண்ணை கோப்பையை அப்பால் தள்ளினார்.

"விருப்பமில்லாட்டில் வாயாலை சொல்லியிருக்கலாம். எழும்புங்கோ, போவம்."

டொலறஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தள்ளிய கோப்பை தெரிந்தது. என்ன சொல்கிறார் என்று கேட்டார். றோஸ்மலர் அழுதுகொண்டே ஆங்கிலத்தில் சொன்னாள்: எங்களில் இனிப்பில்லாமல் கல்யாணம் பேசுவதில்லை, உங்கள் ஆட்கள் யாரென்று அறியத்தான் அப்பா வந்தவர்.

மனுசிக்கு ஆத்திரம் வந்தது. லயனல் இத்தனை காலம் கெஞ்சியும் வராத கதை அந்த ஆத்திரத்தில் வந்தது. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன்.

"என் ஆட்களா? கூலிகள். மடெய்ராவில் பஞ்சம். என் பூட்டி, தாத்தாவின் தாய் கத்தரீனா, புருசனோடும் மூன்று பிள்ளைகளோடும் கப்பலேறினாள். கரும்பு வெட்டினார்கள். காய்ச்சல் முதலில் புருசனைக் கொண்டுபோனது, பிறகு மூத்தவனை. நடுவிலான் சின்னப் பிள்ளை. கரும்பு நெரிக்கிற உருளைக்குள் அவனுடைய கை போய்விட்டது. அவன் செத்த அன்றைக்கும் ஆலையை நிறுத்தவில்லை. அந்தச் சீனி இந்த நாட்டுக்குத்தான் வந்தது. மிஞ்சின கைக்குழந்தைதான் என் தாத்தா. அன்றிலிருந்து எங்கள் வாசலைச் சீனி தாண்டியதில்லை. அவர்களைப் புதைத்த இடத்தில் சிலுவை இல்லை, குருவானவர் வரவில்லை, ஒரு பூசை இல்லை. இவனுக்கு ஏன் சொல்லவில்லை? சொன்னால் இவன் வாயில் ஒன்றும் இனிக்காது."

லயனல் மாமிக்குப் பக்கத்தில் போய் நின்றார். டொலறஸ் அண்ணையின் கோப்பையை எடுக்கக் கை நீட்டினார். எல்லாம் முடிந்தது, மாதாவே, என்று நினைத்தேன்.

அண்ணை கோப்பையைக் கையால் மூடினார்.

"விடுங்கோ, அக்கா," என்றார், தமிழிலேயே.

மூன்று கரண்டி சீனி இல்லாமல் தேத்தண்ணியைத் தொடாத மனிசன். ஆறிப்போன அதை மண்டி வரைக்கும் குடித்தார். பிறகு றோஸ்மலரைப் பார்த்து, "அந்தப் பெடியளின்ரை பேர் என்னெண்டு கேள்," என்றார்.

"ஜோஸே. மனுவெல்," என்றார் டொலறஸ்.

"தகப்பன்?"

"அந்தோனியோ."

"எந்த ஊராம்?" பாருங்கள், சாகும்வரை அந்தப் பழக்கம் போகாது.

"மச்சிக்கோ."

அண்ணை கல்யாணத்தைப் பற்றிப் பேசாமலே எழும்பினார். பஸ்ஸில் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். றோஸ்மலர் என்னைப் பார்த்தாள்; நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

நவம்பர் மரித்தோர் மாதம். எங்கள் தமிழ்ப் பூசையில் ஒவ்வொரு குடும்பத் தலைவரும் பீடத்தடிக்குப் போய்த் தன் குடும்பத்தில் இறந்தவர்களின் பேரைச் சொல்லுவார். அன்றைக்கு அண்ணையே வால்தம்ஸ்டோவுக்குப் போய் டொலறஸையும் லயனலையும் கூட்டிவந்து கோயிலில் எங்கள் குடும்பம் இருக்கிற வாங்கில் இருத்தினார். அவருடைய முறை வந்தது. எங்கள் ஐயாவின் பேரைச் சொன்னார், அம்மாவின் பேரைச் சொன்னார், தன் மனைவி அருள்நாயகியின் பேரைச் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"மச்சிக்கோ அந்தோனியோ. அவரின்ரை பெடியள் ஜோஸே, மனுவெல்." திரும்பி எங்கள் வாங்கைப் பார்த்தார். "எங்கடை ஆக்கள்."

டொலறஸுக்குப் பேர்கள் விளங்கின. அவருடைய கை சிலுவை போடப் போய் நெஞ்சில் நின்றுவிட்டது. கடைசியில் சொன்னது என்னவென்று என்னைப் பார்த்தார். றோஸ்மலர்தான் குனிந்து அவருடைய காதுக்குள் சொன்னாள்.